மலையகத்து முதியவர்களும் ஒரு சின்னஞ்சிறு சுரப்பியும்

எழுபது வயதைக் கடந்த ஆண்கள் இருவர் சந்தித்துக்கொண்டால் முதல் ஐந்து நிமிடம் அரசியல் பேசுவர். அடுத்த ஐந்து நிமிடம் சீனி வியாதியும் இரத்த அழுத்தமும். அதன் பின்னர், பக்கத்தில் பெண்கள் யாரேனும் நிற்கின்றனரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி ஒருவர் மற்றவரிடம் கேட்பார்: "இரவில் எத்தனை தடவை எழும்புகிறாய்?"

கடந்த மாதம் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து என் பால்ய நண்பர் தொலைபேசியில் அழைத்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர் அவர். எங்கள் உரையாடல் அன்று அரசியலில் ஆரம்பிக்கவில்லை. நேரே இந்தக் கேள்வியிலேயே வந்து நின்றது. சில மாதங்களாக இரவில் ஐந்தாறு முறை எழ வேண்டியிருந்ததாம். மகன் யாரிடமோ கேட்டு ஒரு மாத்திரை வாங்கிக் கொடுத்தாராம். அதை விழுங்கிவிட்டுப் படுத்தவர், நடுச்சாமத்தில் எழுந்து வெளியே போகையில் கழிப்பறைக்கு இறங்கும் படியில் தலை சுற்றி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மறுநாளே மாத்திரைகளை வீசியெறிந்தார். மூன்று வாரம் கழிந்து, பனி கொட்டிய ஓர் இரவில் சிறுநீர் அறவே அடைத்துக்கொண்டது. வைத்தியசாலையில் குழாய் போட்டு வெளியேற்றியிருக்கின்றனர். "மச்சான், நீ பத்திரிகைக்காரன். நாலும் படித்தவன். இந்த மருந்துகள் நல்லவையா, கெட்டவையா? ஒரு வார்த்தையில் சொல்" என்றார்.

ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய விடயமன்று இது. நான் வைத்தியனும் அல்லன். ஆயினும் அவருடைய கேள்வி என்னை அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னோக்கி இழுத்துச் சென்றது. அவருக்குச் சொல்ல எண்ணியதை இங்கே எழுதிவிடுகிறேன். அவரைப் போன்ற பலருக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் பயன்படலாம்.

1950களின் இறுதி. என் தாத்தா தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர். கைக்கத்தி பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கைகள் இன்றும் என் நினைவில் உள்ளன. வேலையிலிருந்து நின்ற பின்னர் லயத்து இஸ்தோப்பில்தான் அவருக்குப் படுக்கை. காம்பராவுக்குள் நாங்கள் எழுவர். இரவில் அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு, கம்பளியைப் போர்த்தியவாறு அவர் வெளியே போவதும் வருவதுமாக இருப்பார். நான் அறிந்தவரை அந்த லயத்தில் அப்படி விளக்குடன் போய்வந்த முதியவர்கள் மூவர். நாங்கள் சிறுவர்கள் அதைப் பரிகசித்துச் சிரித்திருக்கிறோம். அந்தப் பாவத்தை இப்பொழுது ஒவ்வோர் இரவும் கழித்துக்கொண்டிருக்கிறேன்.

ஓர் இரவு தாத்தா விளக்குடன் போய்ப் பீலிக்கரையிலேயே அமர்ந்துவிட்டார். ஒரு துளிகூட வரவில்லை. அடிவயிறு பானைபோல் வீங்கியது. பாட்டி நெருஞ்சில் கஷாயம் வைத்தார். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். தோட்டத்து மருந்துச்சாலையில் இருந்த மருந்துக்காரரை எழுப்பச் சென்றார் தந்தை. அவர் நல்ல மனிதர். ஓடி வந்து பார்த்தார். ஆனால் அவரிடம் இருந்தவை காய்ச்சலுக்கான கலவைப் போத்தலும் வயிற்றுவலிக்கான கலவைப் போத்தலும் களிம்புமே. லொறி காலையில்தான் கிடைக்கும் என்று பங்களாவிலிருந்து பதில் வந்தது. பதினொரு மணி நேரம் தாத்தா துடித்தார். மறுநாள் அரசாங்க வைத்தியசாலையொன்றில் குழாய் செலுத்தியதும் வேதனை அடங்கி, அவர் குழந்தையைப் போல் உறங்கியதாகத் தந்தை கூறுவார். பெரிய வைத்தியசாலைக்குச் சென்று சத்திரசிகிச்சை செய்துகொள்ளும்படி அங்கே சொன்னார்கள். தாத்தா மறுத்துவிட்டார். "வயிற்றைக் கிழித்தபின் எவன் எழும்பி வந்திருக்கிறான்?" என்பது அவர் வாதம். குழாய் எடுத்து வீடு வந்தவருக்கு மீண்டும் அடைத்தது. பின்னர் காய்ச்சல். ஆறு வாரங்களில் அவர் காலமானார். என்ன நோயென்று லயத்தில் யாருக்கும் தெரியாது. "சலக்கட்டு வந்து போய்ச் சேர்ந்தார்" என்றார்கள்.

அந்தச் சலக்கட்டுக்குக் காரணம் புரொஸ்டேட் என்னும் சுரப்பி. முன்னிற்குஞ்சுரப்பி என்று சிலரும் சுக்கிலச் சுரப்பி என்று சிலரும் தமிழில் எழுதுவர். முன்னால் நிற்பவன் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. சிறுநீர்ப்பையின் வாசலில் காவலனைப் போல் நிற்கும் இச்சுரப்பியை ஊடறுத்துத்தான் சிறுநீர்க்குழாய் செல்கிறது. இளமையில் பெரிய கொட்டைப்பாக்கு அளவில் இருப்பது, நாற்பதைத் தாண்டியதும் மெல்ல வளரத் தொடங்குகிறது. அறுபதை எட்டிய ஆண்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேரிடமும், எண்பதைக் கடந்தோரில் பெரும்பாலாரிடமும் இவ்வீக்கத்தின் அடையாளங்கள் காணப்படும். இது புற்றுநோய் அன்று. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. தலை நரைப்பதைப் போன்ற ஒன்று. எனினும் வாசலில் நிற்கும் காவலன் பருத்தால் வழி குறுகத்தானே செய்யும்?

பழைய வைத்தியர்கள் இதனை அறியாதவர்கள் அல்லர். மலக்குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே கல்லைப் போல் திரண்டு நின்று நீரைத் தடுக்கும் ஒரு கட்டியைப் பற்றிச் சுசுருத சம்கிதை பேசுகிறது. நம் நாட்டு வைத்தியத்தில் நெருஞ்சிலும் மாவிலங்கப் பட்டையும் நீரடைப்புக்கு நெடுங்காலமாக வழங்கப்பட்டு வந்தன. ஆனால் முழுவதும் அடைத்துவிட்ட பின்னர், எந்த நாட்டு வைத்தியருக்கும் குழாயைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் 1752இல் தம் தமையனாருக்காக வளையக்கூடிய வெள்ளிக் குழாயொன்றைச் செய்வித்தார் என்பது வரலாறு.

சத்திரசிகிச்சையின் கதையில் நம் பக்கத்துத் தொடர்பொன்று உண்டு. பீட்டர் ஃபிரேயர் என்னும் அயர்லாந்துக்காரர் 1875இல் இந்திய மருத்துவ சேவையில் சேர்ந்து, இருபது ஆண்டுகள் வட இந்தியாவில் சிறுநீர்ப்பைக் கற்களை அகற்றிப் பெயர் பெற்றவர். ஓய்வுபெற்று இலண்டன் திரும்பிய அவர், 1900 டிசம்பர் 1ஆம் திகதி, அடிவயிற்றின் வழியாகச் சிறுநீர்ப்பையைத் திறந்து, பருத்த சுரப்பித் திரளை விரலால் தோண்டியெடுத்தார். இம்முறையைத் தமக்கு முன்னரே செய்ததாக நியூயோர்க்கின் யூஜின் ஃபுல்லர் உரிமை கோரினார். அந்த வழக்கு எப்படியோ போகட்டும். உலகில் இதனைப் பரப்பியவர் ஃபிரேயர்தான். 1945இல் டெரன்ஸ் மில்லின் சிறுநீர்ப்பையைத் திறவாமலே சுரப்பியை அடையும் முறையை வெளியிட்டார். அதற்கு முன்பே, 1930களில், குழாய்வழியே கருவியைச் செலுத்தி உள்ளிருந்தே செதுக்கியெடுக்கும் முறை அமெரிக்காவில் வளர்ந்துவிட்டது. வயிற்றைக் கிழிக்காத அந்த வழி இருப்பதைத் தாத்தாவுக்கு எடுத்துச் சொல்ல அன்று எங்கள் லயத்தில் ஒருவரும் இல்லை.

ஏன் இல்லை என்ற கேள்விக்கு விடை தோட்ட மருத்துவத்தின் வரலாற்றிலேயே உள்ளது. கோப்பிக் காலத்தில் வழியிலும் தோட்டத்திலும் கூலியாட்கள் மடிந்த கணக்கு அரசாங்கத்தைச் சங்கடப்படுத்தியபோது, 1872இல் மருத்துவத் தேவைகள் சட்டம் வந்தது. தோட்டப் பகுதிகள் மருத்துவ மாவட்டங்களாக வகுக்கப்பட்டன. 1912ஆம் ஆண்டுச் சட்டங்கள் தோட்டங்கள் தாமே மருந்துச்சாலைகளையும் வைத்தியசாலைகளையும் நடத்துவதை ஊக்குவித்தன. 1916இல் ரொக்ஃபெல்லர் நிறுவனத்தின் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தோட்டங்களுக்குள் வந்தது. 1939இல் பிரசவ சகாயச் சட்டம். இவற்றின் நன்மையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் இவை அனைத்தும் ஒரே கணக்கின் மீது எழுப்பப்பட்டவை: பிரட்டுக்கு நாளை எத்தனை கைகள் வரும் என்ற கணக்கு. வேலை செய்பவன், வேலை செய்யப்போகும் குழந்தை, அதனைப் பெறும் தாய் ஆகிய மூவரும் அந்தக் கணக்கில் இருந்தனர். கத்தியைக் கீழே வைத்துவிட்ட கிழவன் இருக்கவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. 1946ஆம் ஆண்டளவில் இலங்கையரின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு 43 வயதை ஒட்டியே இருந்தது. தோட்டங்களின் நிலை அதனினும் மோசம். புரொஸ்டேட் வீக்கம் நெடுநாள் வாழ்வோரின் நோய். மலேரியாவும் கொக்கிப்புழுவும் வயிற்றுளைச்சலும் தப்பவிட்டவர்களைத்தான் அது வந்து பிடித்தது. எங்கள் லயத்தில் இரவில் அலைந்த மூன்று விளக்குகளும், ஒருவகையில், பிழைத்தவர்களின் விளக்குகளே.

இனி மருந்துகளுக்கு வருவோம். தாத்தா இறந்த காலத்தில் இந்நோய்க்கென நம்பகமான மாத்திரை உலகில் எங்குமே இருக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். துரைக்கு வந்திருந்தாலும் குழாயும் கத்தியும்தான். அந்த வகையில் மட்டும் சமத்துவம் நிலவியது.

முதற் கதவைத் திறந்தவர் ஜெருசலேமில் பணியாற்றிய மார்க்கோ கெய்ன் என்னும் வைத்தியர். சுரப்பியின் பருமன் மட்டுமே வழியை அடைப்பதில்லை. சுரப்பியிலும் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் உள்ள தசைநார்கள் இறுகுவதும் ஒரு காரணம் என்பதை 1970களின் நடுப்பகுதியில் அவரும் அவருடைய குழுவினரும் காட்டினர். அட்ரினலின் வகைச் சுரப்புகளின் கட்டளையை ஏற்று அத்தசைகள் இறுகுகின்றன. அந்தக் கட்டளையை வாங்கும் 'அல்ஃபா' ஏற்பிகளை மறித்துவிட்டால் தசை தளர்ந்து நீர் இறங்கும். பினொக்சிபென்சமீன் என்ற மருந்தைக் கொண்டு அவர் அதனை நிரூபித்தார். மருந்து வேலை செய்தது. ஆனால் தலைசுற்றலும் களைப்பும் மூக்கடைப்பும் அதிகம். எலிகளில் புற்றுநோய் பற்றிய ஐயமும் எழவே அது கைவிடப்பட்டது.

அதன்பின் இரத்த அழுத்தத்திற்கென வந்த பிரசோசின் இதற்கும் பயன்படலாயிற்று. அதே குடும்பத்தில் டெராசோசின் 1993இலும் டொக்சாசோசின் 1995இலும் புரொஸ்டேட் வீக்கத்துக்காக அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றன. இவை மூன்றும் உடலெங்கும் உள்ள இரத்தக்குழாய்களையும் தளர்த்துபவை. ஆகவே படுக்கையிலிருந்து சடுதியாக எழுந்தால் இரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரலாம். முதல் வேளை மருந்துக்குப் பின் இந்த ஆபத்து மிக அதிகம். அதனாலேயே மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவர். என் நண்பர் படியில் விழுந்ததன் இரகசியம் இதுதான். பெட்டியை எடுத்துப் பெயரை வாசிக்கச் சொன்னேன், பிரசோசின். யாருக்கோ எழுதிக் கொடுத்த அளவை இவர் முதல் இரவே முழுதாக விழுங்கியிருக்கிறார். இரத்த அழுத்தத்திற்கென ஏற்கெனவே எடுத்துவந்த மாத்திரை வேறு.

ஜப்பானில் ஆக்கப்பட்டு 1993இல் அங்கும் 1997இல் அமெரிக்காவிலும் அறிமுகமான டாம்சுலோசின் இக்குறையைப் பெருமளவு குறைத்தது. சுரப்பிப் பகுதியில் மிகுதியாக உள்ள ஏற்பி வகையையே அது நாடிச் செல்வதால் இரத்த அழுத்தம் அவ்வளவாக விழுவதில்லை. நாளுக்கு ஒன்று, ஒரே வேளை உணவுக்குப் பின் அரை மணி நேரத்தில். சில நாட்களிலேயே பலன் தெரியும். இன்று உலகெங்கும் முதியவர்கள் அதிகமாக விழுங்கும் மாத்திரைகளில் அதுவும் ஒன்று. என் மேசையிலும் இருக்கிறது. அதற்கும் குறையுண்டு. தலைசுற்றல் முற்றாக நீங்கவில்லை. விந்து வெளியேறுவது குறையலாம். கண்புரைச் சத்திரசிகிச்சையின்போது கண்ணின் கருவிழித்திரை துவண்டு சிக்கல் தரும் என்பது 2005இல் கண்டறியப்பட்டது. எனவே கண் வைத்தியரிடம் இம்மாத்திரையைப் பற்றி முன்கூட்டியே சொல்வது கட்டாயம். நம் வயதில் புரையும் புரொஸ்டேட்டும் ஒன்றாகவே வருகின்றன அல்லவா?

இரண்டாவது வகை மருந்தின் கதை இதைவிடச் சுவையானது. டொமினிக்கன் குடியரசின் ஒரு மூலைக் கிராமத்தில், பிறக்கும்போது பெண்குழந்தைகளாகத் தோன்றி, பருவ வயதில் ஆண்களாக மாறும் சிலர் இருந்தனர். 1974இல் ஜூலியான் இம்பெரேட்டோ-மெக்கின்லி என்னும் பெண் வைத்தியரும் அவர்தம் சகாக்களும் இதன் காரணத்தை வெளியிட்டனர். டெஸ்டொஸ்டெரோனை அதனினும் வீரியமான வடிவமாக மாற்றும் நொதி ஒன்று அவர்களிடம் குறைவு. அவர்களின் புரொஸ்டேட் சுரப்பி வாழ்நாள் முழுவதும் சிறியதாகவே இருந்தது. அந்த நொதியை மருந்தால் தடுத்தால் முதியவர்களின் சுரப்பியும் சுருங்குமே என்று எண்ணினர் மருந்தாய்வாளர். 1992இல் ஃபினாஸ்டெரைட் பிறந்தது. 2001இல் டியூட்டாஸ்டெரைட் அங்கீகாரம் பெற்றது.

இவை தசையைத் தளர்த்துவதில்லை. சுரப்பியையே நான்கில் ஒரு பங்கு வரை சுருக்குகின்றன. அதற்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ பொறுத்திருக்க வேண்டும். பெரிதாகப் பருத்த சுரப்பிக்கே இவை பயன் தரும். ஆண்மைக் குறைவு சிலருக்கு ஏற்படலாம். புற்றுநோயை அறிய உதவும் பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனையின் அளவை இவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் காட்டும். அறியாத வைத்தியர் ஏமாறக்கூடும். இன்னொன்றை லயத்துக் குடும்பங்கள் கட்டாயம் அறிய வேண்டும். கருவுற்றிருக்கும் பெண்கள் இம்மாத்திரையை உடைத்தோ பொடித்தோ கையாளக் கூடாது. ஆண் சிசுவின் வளர்ச்சியை அது பாதிக்கலாம். மாமனாருக்கு மாத்திரையைப் பொடித்துத் தேநீருடன் கொடுப்பவள் பெரும்பாலும் வீட்டு மருமகள்தானே?

இரண்டு வகையையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்ற கேள்விக்கு 2003இல் விடை வந்தது. அமெரிக்காவில் 3,047 ஆண்களைச் சராசரியாக நாலரை ஆண்டுகள் அவதானித்த ஆய்வு அது. வெற்று மாத்திரை உண்டோருடன் ஒப்பிடுகையில், நோய் முற்றும் அபாயம் டொக்சாசோசினால் 39 வீதமும் ஃபினாஸ்டெரைடால் 34 வீதமும் குறைய, இரண்டையும் சேர்த்து உண்டோரில் 66 வீதம் குறைந்தது. முழு அடைப்பு ஏற்படுவதையும் சத்திரசிகிச்சையின் தேவையையும் குறைத்தது பிரதானமாகச் சுருக்கும் மருந்தே. 2011இல் டடாலஃபில் என்ற மருந்தும் இதற்கென அங்கீகரிக்கப்பட்டது. ஆண்மைக் குறைவுக்கு வழங்கப்படும் அதே மருந்துதான். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் அதனைத் தொடவே கூடாது. மேல்நாட்டில் பெயர்பெற்ற சோ பல்மெட்டோ என்ற மூலிகையோ, 2006இல் வெளியான ஆய்வில் வெற்று மாத்திரையை விட எவ்வகையிலும் மேலாக நிற்கவில்லை.

மருந்து பிறந்துவிட்டால் மட்டும் போதுமா? அது பொகவந்தலாவைக்கும் மஸ்கெலியாவுக்கும் வந்து சேர வேண்டுமே! இந்த இடத்தில் நான் ஒரு மனிதரை நினைவுகூராமல் கடந்தால் நன்றி கெட்டவன் ஆவேன். பேராசிரியர் சேனக பிபிலே. 1920இல் பிறந்து கண்டி திரித்துவக் கல்லூரியில் பயின்ற மருந்தியல் அறிஞர். டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து அவர் அளித்த அறிக்கையின் அடிப்படையில் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. அவரே அதன் முதற் தலைவர். ஒரே மருந்து பத்துக் கம்பெனிகளின் பத்துப் பெயர்களில் பத்து விலைக்கு வருவதை நிறுத்தி, மருந்தின் சொந்தப் பெயரிலேயே உலகச் சந்தையில் கேள்விப்பத்திரம் கோரி வாங்குவதே அவர் கொள்கை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டிருந்த மருந்து வகைகள் ஏறத்தாழ அறுநூறாகக் குறைக்கப்பட்டன. அச்செய்திகளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கி அச்சுக்குக் கொடுத்த இளம் உதவியாசிரியர்களில் நானும் ஒருவன். அவற்றின் முக்கியத்துவம் அப்போது எனக்குப் புரியவில்லை. பிபிலே 1977 செப்டெம்பர் 29ஆம் திகதி கயானாவில் காலமானார். அதே ஆண்டில்தான் உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது.

பின்வந்த திறந்த பொருளாதாரத்தில் அக்கொள்கை பெரிதும் தளர்ந்தது. 2015இல் தேசிய ஔடதங்கள் ஒழுங்குறுத்தல் அதிகாரசபைச் சட்டம் வந்தபோதுதான் அவர் கனவு மீண்டும் பேசப்பட்டது. ஆயினும் 'ஒசுசல' என்ற பெயர்ப்பலகையைக் காணும்போதெல்லாம் அவர் என் நினைவில் வருகிறார். கம்பெனிப் பெயரைக் கேட்டு வாங்கினால் பை காலியாகும். மருந்தின் சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் மலிவானதும் கிடைக்கலாம். சேமலாப நிதியையும் பிள்ளைகளின் கைச்செலவையும் நம்பி வாழும் ஒரு முதியவருக்கு, வாழ்நாள் முழுவதும் தினமும் விழுங்க வேண்டிய மாத்திரையில் இந்த வேற்றுமை சிறியதன்று. பணமில்லாத மாதம் மாத்திரையை நிறுத்துவதும், கிடைத்த மாதம் தொடர்வதுமாக இருப்பவர்கள் பலர். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு நிலவியபோது, காசிருந்தோருக்கும் மருந்து கிடைக்காத நிலை ஏற்பட்டது.

மலையகத்துக்கென்றே உரிய சில சங்கதிகளும் உள்ளன. கொழும்பிலோ சென்னையிலோ எழுதப்படும் மருத்துவக் குறிப்புகளில் அவை இரா. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஹட்டன் பகுதியும் 1,200 மீட்டருக்கு மேல். குளிரில் சிறுநீர் அதிகம் சுரக்கும். அதே குளிர், உடலின் அட்ரினலின் வகைச் சுரப்புகளைத் தூண்டிச் சுரப்பித் தசைகளையும் இறுக்கும். குளிரோடு தடிமன் வரும். தடிமனுக்குக் கடையில் வாங்கும் மாத்திரைகளில் சில மிக ஆபத்தானவை. மூக்கடைப்பை நீக்கும் சூடோஎபெட்ரின் வாசலை இறுக்குகிறது. தும்மலை நிறுத்தும் குளோர்பெனிரமின் சிறுநீர்ப்பையின் தள்ளும் சக்தியைக் குறைக்கிறது. சுரப்பி பருத்த முதியவருக்கு இவ்விரண்டும் சேர்ந்தால் ஒரே இரவில் முழு அடைப்பு ஏற்படலாம். என் நண்பரிடம் கேட்டேன். அடைப்பு ஏற்படுவதற்கு முந்திய இரண்டு நாட்கள் அவர் தடிமன் மாத்திரை விழுங்கியிருந்தார்!

அடுத்தது, வீடு. நூறாண்டுக்கு முன் கட்டிய லயங்கள் பல இன்றும் நிற்கின்றன. கழிப்பறை வெளியே, இடையே படிகள், மழைக்காலத்தில் பாசி. இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரையை இரவில் விழுங்கிவிட்டு, கதகதப்பான போர்வையிலிருந்து எழுந்து, அந்தப் படிகளில் இறங்கும் முதியவரை எண்ணிப் பாருங்கள். மருந்துச் சீட்டு எழுதும் வைத்தியர் "உங்கள் கழிப்பறை எங்கே இருக்கிறது?" என்று ஒரு கேள்வி கேட்டால் எத்தனையோ எலும்புகள் தப்பும்.

மூன்றாவது, வெட்கம். தாத்தா அந்நோயை ஆண்டுக்கணக்கில் மறைத்தார். என் நண்பரும், படித்தவராயினும், மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. சிகிச்சை நிலையத்தில் இளம் பெண் வைத்தியரைக் கண்டதும் "இருமல்" என்று சொல்லித் திரும்பிவந்த கதையை அவரே சிரித்தபடி கூறினார். இது சிரிக்கும் விடயமன்று. அடைத்துக்கொண்டே இருக்கும் சிறுநீர் ஈற்றில் சிறுநீரகங்களைக் கெடுக்கிறது. அங்கே வலியே இராது.

மாற்றம் வரவில்லை என்று சொல்லமாட்டேன். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் மீண்டும் தனியார் நிர்வாகத்துக்குச் சென்றன. 1990களிலிருந்து தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பணி தொடங்கி, மெல்ல மெல்ல நகர்ந்தது. டிக்கோயாவில் இந்திய உதவியுடன் எழுந்த புதிய வைத்தியசாலைக் கட்டடத்தை 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்தார். பதினொரு மணி நேரம் லொறிக்குக் காத்திருந்த காலம் போய், முச்சக்கரவண்டி வாசலுக்கே வருகிறது. தாத்தாவுக்கு இல்லாத மருந்துகள் இன்று உள்ளன. இன்னமும் குறைவாக இருப்பது, அவற்றை விளக்கிச் சொல்லும் ஒரு வாய்.

நண்பருக்கு நான் சொன்னது இவ்வளவே: மருந்து நல்லதுமன்று, கெட்டதுமன்று, யாருக்கு, எவ்வளவு, எந்த வீட்டில் என்பதே கேள்வி. மகனுடன் மீண்டும் வைத்தியரிடம் போ. எடுக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போ. வெட்கத்தை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போ. போனார். டாம்சுலோசின் கொடுத்து, சில நாள் கழித்துக் குழாயை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். முன்கூட்டியே இவ்வகை மருந்து கொடுத்துவிட்டுக் குழாயை எடுத்தால் தானாகச் சிறுநீர் கழியும் வாய்ப்புக் கூடும் என்பது ஆய்வுகள் கண்ட உண்மை. அவருக்கும் கழிந்தது. சுரப்பி பெரிதாக இருப்பதால் சுருக்கும் மருந்தும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அது பலன் தராவிடில் உள்ளிருந்து செதுக்கும் சத்திரசிகிச்சை உண்டு. வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லி வைத்திருக்கிறேன்.

மகன் ஒரு காரியம் செய்திருக்கிறார். கட்டிலருகே மூடியுள்ள ஒரு வாளியும், எழும் முன் இரண்டு நிமிடம் அமர்ந்திருக்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதிய ஓர் அட்டையும். எந்த மருந்துக் கம்பெனியும் கண்டுபிடிக்காத மருந்து அது.

சென்ற வாரம் அவர் மீண்டும் அழைத்தார். "இப்போது இரண்டு தடவைதான்" என்றார். எனக்கும் இரண்டு தடவைதான். அதன்பின் வெகுநேரம் அரசியல் பேசினோம்.